ராக்கு வச்ச கைநாட்டு

உக்காருங்க டீச்சர், தாராளமா உக்காருங்க. பஸ்ஸு ஆடுது, என் பைய நான் மடியில வச்சுக்கிறேன். டீச்சர்தான நீங்க? புத்தகத்தப் பார்த்தேன், சமூக அறிவியல். ஆறாப்பா ஏழாப்பா? அதுல உள்ளாட்சின்னு ஒரு பாடம் வரும் பாருங்க, ஊராட்சி, கிராம சபை, தலைவரு, வார்டு மெம்பரு... அந்தப் பாடத்த என்னையக் கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் பத்தாவது பாஸு. ஆனா இது பள்ளிக்கூடத்துல படிச்சதில்ல. யூனியன் ஆபீசுல மூணு நாளு பயிற்சி குடுத்தாக.

என் பேரு கனகவல்லி. மதுரையில மக இருக்கா, அவ வீட்டுக்குப் போறேன். அவளுக்குக் காய்ச்சலு. வைரஸ் காய்ச்சலுன்னு சொல்றாக. அத விடுங்க.

அந்தப் பயிற்சி இருக்கே டீச்சர், அதுல ஒரு மேடம் வந்து பேசினாக. சின்னப் பொண்ணுதான், ஆனா என்னா பேச்சுங்கிறீங்க! "கிராம சபையில உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தரும் அரசாங்கம்தான். நீங்க கேக்கலைன்னா உங்களுக்காக வேற யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சொன்னாக. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நாப்பத்தாறு வயசு வரைக்கும் ஓட்டுப் போடுறதோட சோலி முடிஞ்சதுன்னு இருந்துட்டமேன்னு வெக்கமாப் போச்சு. கடைசி நாளு சர்ட்டிபிகேட் குடுத்தாக. அத ஃப்ரேம் போட்டு டிவிக்கு மேல மாட்டி வச்சேன். எங்க வீட்டுக்காரரு அதப் பாக்கும்போதெல்லாம், "மந்திரியம்மா, இன்னைக்குச் சோறு உண்டா, இல்ல அறிக்கை மட்டும்தானா"ம்பாரு. சொல்லிட்டுப் போறாரு. நான் எங்க மகளிர் குழுவுக்குத் தலைவி. பேசாம இருக்க முடியுமா?

குழாயடியில நின்னா குழாயடியில பேசுவேன், ரேசன் கடையில நின்னா ரேசன் கடையில பேசுவேன். "கேளுங்கடி, கேக்குறது நம்ம உரிமை"ன்னு. கொஞ்சப் பேரு என்னையப் பார்த்தாலே குடத்தத் தூக்கிட்டு வேற பக்கம் போவாளுக. படிக்காத சனம், அதுக என்ன செய்யும்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் டீச்சர். எங்க ஊரு நடுநிலைப் பள்ளியில பொம்பளப் பிள்ளைகளுக்குக் கக்கூஸு கெடையாது. இருந்தது இடிஞ்சு ஆறு வருசமாச்சு. ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைக மத்தியானம் தண்ணியே குடிக்காதுக. குடிச்சா எங்க போறது? அதக் கிராம சபையில தீர்மானம் போட்டுக் கேக்கணும்னு முடிவு பண்ணினேன். அக்டோபர் ரெண்டாந்தேதி கூட்டம். நல்ல காரியந்தான? நீங்களே சொல்லுங்க, நல்ல காரியந்தான?

எங்க ஊராட்சியில மாசிலாமணின்னு ஒரு கிளார்க்கு. அவருகிட்டப் போயிச் சொன்னேன். "நல்லா யோசிச்சீக அக்கா, ஆனா கோரம் வேணுமே"ன்னாரு. கோரம்னா உங்களுக்குத் தெரியும், இத்தன பேரு வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு ஒரு கணக்கு. எங்க ஊருக்கு நூறு பேரு. "கூட்டத்துக்கு முப்பது பேரு வந்தாப் பெரிசு. தீர்மானம் செல்லாமப் போயிரும். நீங்க குழுத் தலைவி, நீங்க கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாக. நோட்டக் கொண்டு போயி முன்னாடியே கையெழுத்து வாங்கிருங்க, தீர்மானத்த நான் மேல எழுதிக்கிறேன்"ன்னாரு.

இது ஊருக்கு ஊரு நடக்குறதுதான் டீச்சர். முன்னாடியெல்லாம் அவரே கொண்டு வருவாரு, நூறு நாளு வேல நடக்குற எடத்துக்கு. நாங்க கம்மாயில மண்ணு சுமந்துக்கிட்டு இருப்போம், நோட்ட நீட்டுவாரு, சம்பளத்துக்குத்தான் போலன்னு நெனச்சு எல்லாரும் போட்டுக் குடுப்போம். கூட்டமே நடக்காது, ஆனா நோட்டுல நூத்தியிருவது பேரு வந்திருப்பாக. அதுக்கு இது தேவலையில்லையா? நான் வீடு வீடாப் போயி, எதுக்குன்னு எடுத்துச் சொல்லி வாங்கினேன். பயிற்சியில அந்த மேடம் இதப் பத்தியும் சொன்னாகதான். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடாதீகன்னாக. போடாதீகன்னுதான் சொன்னாக, வாங்காதீகன்னு சொல்லலையே!

சிரிக்காதீக டீச்சர். எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், ரொம்ப நாளு.

ரெண்டு நாளுல தொண்ணூத்தாறு கையெழுத்து வாங்கிட்டேன். கைநாட்டுக்காரகளுக்குன்னு மை டப்பா என் சொந்தக் காசுல வாங்கினேன். இன்னும் நாலு பேரு. ஊருக்கு மேக்க மேய்ச்சக்காடு இருக்கு, அரசாங்கத்துப் பொறம்போக்கு, எங்க ஊரு ஆடு மாடெல்லாம் அங்கதான் மேயும். அதுக்கு ஓரமா ராக்கு வீடு. புருசன் இல்ல, பிள்ளையும் இல்ல. முப்பத்திரெண்டு ஆடு வச்சிருந்தா. அதுதான் அவளுக்குச் சோறு, அதுதான் அவளுக்குத் தொண. ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருப்பா. ஒரு கிடாவுக்குத் தாசில்தாருன்னு பேரு. கேட்டா, "அதுவும் கூப்புட்டா வராது"ம்பா.

நோட்ட நீட்டினேன். விசயத்தச் சொன்னேன். "பிள்ளைகளுக்குக் கக்கூஸுன்னா நல்லதுதான்"னா. கையக் கழுவித் தொடச்சுட்டு வந்தா. வந்து நோட்டக் குனிஞ்சு பார்த்தா. "கனகு, மேல வெறும் தாளா இருக்கே?"ன்னா.

"எழுதிருவாக"ன்னேன்.

"எழுதினப்பெறகு கொண்டா. அப்ப வைக்கிறேன்."

எனக்குக் கோவம் வந்திருச்சு. வெயிலு வேற. தொண்ணூத்தாறு பேரு போட்டிருக்காக, அதுல காலேஜ் படிச்சவுக இருக்காக, ஒருத்தரும் கேக்கல. இவ கேக்குறா. அப்பச் சொன்னேன் டீச்சர். "ஏண்டி, எழுதியிருந்தா மட்டும் நீ என்ன படிக்கவா போற?"ன்னு.

ஆமா, அப்படித்தான் கேட்டேன். அவ என் மொகத்தப் பார்த்தா. கட்டவெரல நீட்டினா. நானே பிடிச்சு, மையில அமுக்கி, தாள்ல அமுக்கினேன். மிச்ச மையத் தலமுடியில தடவிக்கிட்டு ஆட்டப் பாக்கப் போயிட்டா.

கூட்டத்துக்கு முப்பத்தெட்டு பேரு வந்தாக. கக்கூஸு தீர்மானத்த மாசிலாமணி வாசிச்சாரு, எல்லாரும் கையத் தட்டினாக. தலைவரு எனக்குத் துண்டு போத்தினாரு. போட்டோ எடுத்துப் பேப்பர்ல கூட வந்துச்சு, மூணாம் பக்கத்துல, சின்னதா. கக்கூஸும் வந்துச்சு டீச்சர். தை மாசம் கட்டி முடிச்சுட்டாக. தண்ணித் தொட்டியோட, உள்தாழ்ப்பாளோட. அது பொய்யில்ல. வேணும்னா ஒரு நாளு வந்து பாருங்க.

மாசி பிறந்து லாரி வர ஆரம்பிச்சுச்சு. பக்கத்து டவுனுக் குப்பையெல்லாம் எங்க மேய்ச்சக்காட்டுல கொட்டுறாக. பாலித்தீன் பையி, ஆஸ்பத்திரிக் குப்ப, கல்யாண மண்டபத்து எச்சி எல, சகலமும். நான் விடுவேனா? உரிமை தெரிஞ்சவளாச்சே. குழுப் பொம்பளைங்க பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். "யாரக் கேட்டுக் கொட்டுறீக? எந்தக் கிராம சபையில தீர்மானம் போட்டீக? காட்டுங்க"ன்னு மேசையத் தட்டினேன். மாசிலாமணி நோட்ட எடுத்துப் பிரிச்சு என் பக்கம் திருப்பி வச்சாரு.

ஏழாவது தீர்மானம், பள்ளிக்குக் கழிப்பறை. எட்டாவது தீர்மானம், மேய்ச்சல் பொறம்போக்குல பன்னிரெண்டு ஏக்கர் குப்பைக் கிடங்குக்குக் குடுக்க இந்தக் கிராம சபைக்கு ஆட்சேபணை இல்ல. பொடி எழுத்துல, நெருக்கி நெருக்கி எழுதியிருந்துச்சு. அதுக்குக் கீழ நான் வாங்கின நூறு கையெழுத்து. என் கையெழுத்துத்தான் மொதல்ல. தொண்ணூத்தேழாவதா ராக்கு கைநாட்டு, நான் அமுக்கின அமுக்குல மை பரவி, மத்ததவிடப் பெரிசா இருந்துச்சு.

கூட வந்தவளுக வெளிய நின்னாளுக. என்னாச்சுன்னாளுக. "பேசியிருக்கேன், பாப்பம்"னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன்.

பங்குனியில ராக்கு ஆடு சாக ஆரம்பிச்சுச்சு. மொதல்ல ரெண்டு, அப்புறம் அஞ்சு. வயிறு உப்பி, எர எடுக்காம, நின்ன எடத்துலயே மடங்கி விழுந்துச்சுக. மாட்டாஸ்பத்திரி டாக்டரு வந்து ஒண்ண அறுத்துப் பார்த்தாரு. வயிறு பூராவும் பாலித்தீன் பையி. உருண்டையா, திரிச்சு வச்ச கயிறு மாதிரி இழுக்க இழுக்க வருது. மொத்தம் பதினொண்ணு போச்சு. ராக்கு அழுகல. மண்வெட்டிய எடுத்து ஒவ்வொண்ணுக்கும் குழி வெட்டினா. நானும் கூட நின்னு வெட்டினேன். "காட்டக் குப்பைக்கு யாரு குடுத்தா?"ன்னு அவ என்னையக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ.

நாந்தான் சொன்னேன், "கலெக்டருகிட்ட மனுக் குடுப்போம் ராக்கு, நான் எழுதுறேன், நானே கொண்டு போறேன்"னு. எழுதி அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். திங்கக்கிழம மனு நாளு, கலெக்டர் ஆபீசுல ஊர்ப்பட்ட கூட்டம். எனக்குப் பின்னாடி நின்ன பெரியவரு ஒருத்தரு மனுவ வாங்கிப் படிச்சாரு. ரிடையர்டு ரெவின்யூக்காரராம். "வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கி ஏமாத்திட்டாங்கன்னு எழுதியிருக்கியேம்மா, வாங்குனது யாருன்னு எழுதலையே? மொதக் கேள்வி அதத்தான் கேப்பாங்க. வாங்குனவங்க மேலயும் கேசு வரும்"னாரு.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு டீச்சர். குழுத் தலைவி பதவி போயிரும், லோன் வாங்கினவளுகெல்லாம் என்ன நெனப்பாளுக, மக மாமியா வீட்டுல என்ன சொல்லுவாக... வரிசைய விட்டு வந்துட்டேன். தண்ணி குடிச்சுட்டு வரலாம்னுதான் வந்தேன். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறிட்டேன். ராக்கு எங்க ஊரு ஸ்டாப்பிங்கிலயே நின்னுக்கிட்டு இருந்தா. "குடுத்துட்டியா?"ன்னா. "குடுத்தாச்சு. பதிலு வரும்"னேன்.

ரெண்டு மாசம் டீச்சர். ரெண்டு மாசமா அவ தபால்காரர வழி மறிச்சுக் கேட்டா. "எனக்குக் கலெக்டரு கடுதாசி வந்திருக்கா?"ன்னு. அந்த ஆளு கேலி பண்ணுவாரு, "கலெக்டரு இப்பத்தான் பேனாவ எடுத்திருக்காரு"ன்னு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அந்தக் கழுத மனு என் வீட்டுல, ஃப்ரேம் போட்டு மாட்டினேன்ல அந்தச் சர்ட்டிபிகேட்டுக்குப் பின்னாடி சொருகிக் கெடந்துச்சு. த்தூ. நெனச்சா என் மேல எனக்கே அருவருப்பா இருக்கு.

ஏந்தம்பி, இது என்ன ஸ்டாப்பிங்கு? ஓ, இன்னும் நாலு ரோடு ஸ்டாப்பே வரலையா? சரி சரி.

அப்புறம் ஒரு திங்கக்கிழம ராக்குவ ஊர்ல காணோம். சாயந்தரம் வந்தா. நேரா என் வீட்டுக்குத்தான் வந்தா. மடியில இருந்து ஒரு துண்டுச் சீட்ட எடுத்துக் காட்டினா. தனியா பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசு வாசல்ல மரத்தடியில எழுதிக் குடுக்குறவர்கிட்டச் சொல்லி மனு எழுதி, வரிசையில நின்னு குடுத்திருக்கா. எழுதினத ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கைநாட்டு வச்சாளாம். "மனுக் குடுத்தா நம்பரு போட்டு இந்தச் சீட்டுக் குடுக்குறாக கனகு. உனக்கும் குடுத்திருப்பாகல்ல? தொலச்சுட்டியா?"ன்னா.

"ஆமா, எங்கயோ தொலஞ்சு போச்சு"ன்னேன்.

"சரி, போகுது. இத நான் பத்திரமா வச்சுக்கிறேன்"னா. நம்பிட்டா, பாவம். வெள்ளந்தி. அவளுக்குச் சூதுவாது ஒண்ணும் தெரியாது டீச்சர்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ங்கிறீங்களா?

... எனக்கும் அப்பப்ப அப்படித் தோணும். தோணும்போதெல்லாம் எந்திரிச்சுப் போயி ஏதாவது வேலயப் பார்ப்பேன்.

போன வாரம் அவளுக்கு நோட்டீசு வந்துச்சு. விசாரணைன்னு. வேற யாருகிட்டப் படிக்கக் குடுப்பா? என்கிட்டத்தான் கொண்டு வந்தா. வாசிச்சுக் காட்டினேன். எங்க ஊரு ஊராட்சி ஆபீசுல, அதிகாரி நேர்ல வந்து விசாரிப்பாரு, பதினோரு மணிக்கு, சீட்டோட வரணும். அவ நிதானமாக் கேட்டா. "என்கிட்ட வெறும் தாள்ல கைநாட்டு வாங்கினது யாருன்னு கேப்பாகளோ?"ன்னா. என் மொகத்தப் பார்த்தா, அன்னைக்கு நோட்ட நீட்டினப்பப் பார்த்த மாதிரியே. "உன் பேர நான் மனுவுல எழுதச் சொல்லல கனகு. எனக்கு மேய்ச்சக்காடு திரும்ப வேணும், அவ்வளவுதான். உன்னைய மாட்டிவிட்டு எனக்கென்ன ஆகப் போகுது"ன்னா.

நேத்துச் சாயங்காலம் மறுபடி வந்தா. ஆட்டுப் பாலு கொண்டாந்திருந்தா, செம்புல. "நாளைக்கு நீ ஊர்ல இருக்காத. மக வீட்டுக்குப் போயிரு. யாரு வாங்குனாகன்னு கேட்டா ஞாபகமில்லன்னு சொல்லிருவேன். நீ பிள்ளைகளுக்குன்னுதான வாங்கின"ன்னா.

ஆமா டீச்சர். இன்னைக்குத்தான். இன்னைக்குப் பதினோரு மணிக்கு.

மகளுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வர்றதே அவளுக்குத் தெரியாது. ராக்கு போன்னு சொன்னா, நானும் காலையில ரெண்டு சீலைய அள்ளிப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். எம்பாட்டுக்கு நாயம் சொல்லிக்கிட்டேன். அவளே போகச் சொல்லிட்டா, எனக்கு என்னன்னு. நான் இல்லாட்டியும் விசாரணை நடக்கும், பதினொரு ஆடு செத்ததுக்கு டாக்டரு எழுதிக் குடுத்த தாளு இருக்கு, அத வச்சே நிறுத்திருவாகன்னு.

நிறுத்த மாட்டாக டீச்சர்.

இத நான் யாருகிட்டயும் சொல்லல, எங்க வீட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லல. அந்த நோட்டீசுல இன்னும் ஒரு வரி இருந்துச்சு. கடைசிக்கு முந்தின வரி. "வெற்றுத்தாளில் கைரேகை பெற்ற நபர் யார் என்பதை மனுதாரர் விசாரணையின்போது தெரிவிக்க வேண்டும், தவறினால் மனு மேல் நடவடிக்கையின்றி முடித்து வைக்கப்படும்"னு. எனக்கு மனப்பாடம். அத நான் வாசிக்கல. மேல் வரிய வாசிச்சேன், கீழ் வரிய வாசிச்சேன், நடுவுல இத முழுங்கிட்டேன். அவ என் வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. வாசிச்சு முடிச்சு மடிச்சுக் குடுத்தேன், வாங்கி மடியில வச்சுக்கிட்டா.

ஞாபகமில்லன்னு சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா அவ. அந்த ஒத்த வார்த்தையில காடு மொத்தமாப் போயிரும்னு அவளுக்குத் தெரியாது. தெரிய விடாமப் பண்ணினது நானு. மாசிலாமணி எழுதினது ஒரு பாவம்னா அவரு அத ஆபீசுல உக்காந்து எழுதினாரு. நான் என் வீட்டு வாசல்ல, அவளுக்குத் தண்ணி குடுத்து உக்கார வச்சு, அவ மொகத்துக்கு நேரா வாசிச்சேன்.

மணி என்ன டீச்சர்? பத்து இருவதா?

நாலு ரோட்டுல எறங்கினா எதிர்க்க ஊருக்குப் பஸ்ஸு இருக்கு, பத்தரைக்கு. அது போயிச் சேர பதினொண்ணு பத்தாகும். ஆபீசருங்க என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்காக? இன்னைக்குன்னு பார்த்து நேரத்துக்கு வந்து தொலைச்சிருப்பாக. ஊராட்சி போனுக்கு அடிச்சா மாசிலாமணிதான் எடுப்பாரு. ராக்குகிட்டப் போனு கெடையாது.

கண்டக்டர் தம்பி! நாலு ரோட்டுல நிறுத்துப்பா, நான் எறங்கணும். மதுரைக்குத்தான் டிக்கெட்டு, தெரியும், நீ நிறுத்து. கத்தலப்பா, எனக்குக் கொரலே இப்படித்தான்.

கொஞ்சம் காலத் தள்ளிக்கோங்க டீச்சர். அவ ஞாபகமில்லன்னு சொல்லி, அத எழுதி, கீழ கைநாட்டும் வாங்கிட்டாகன்னா, அதுக்கப்புறம் நான் போயிக் கத்தினாலும் யாரும் எழுத மாட்டாக. அவ வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி நான் அங்க போயி நிக்கணும்.